ஒரே ஓட்டை, பத்தே மார்க்கு

ஜனவரி மாதத்தில் எங்கள் துப்பாக்கிக் கிளப்பின் கதவோரம் நின்று சுட்டவனிடம் மட்டும்தான் நியாயத்தைப் பற்றி நான் பேசுவேன். மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது.

பெரிய ஏரியின் கரையில் நீளமான ஒரு தகரக் கொட்டகை, அதுதான் கிளப். ஒரு கோடியில் இரும்புக் கணப்பு. மறு கோடியில் கதவு. அந்தக் கதவு கட்டிய நாளிலிருந்து முழுதாக மூடியதில்லை. ஒரு தடவை அங்கே கைதவறிக் காப்பியைக் கொட்டினேன். தரையைத் தொடுவதற்கு முன்பே உறைந்துவிட்டது. குச்சி மாதிரி எடுத்துப் பையில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சூடாக்கிக் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜனவரிக் கடைசிப் போட்டியில் ஜெயிப்பவனுக்கு அடுத்த வருஷம் முழுக்கக் கணப்போரத்து இடம். இரண்டாவதாக வருபவனுக்குக் கதவோரம். மூன்றாவது, நான்காவது, துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிக்கிறவன், இவர்களெல்லாம் நடுவில் சௌகரியமாக நின்றுகொள்ளலாம். இரண்டாவது வந்தவனுக்குத் தலைக்கனம் ஏறிவிடக் கூடாதென்று எவனோ ஒரு புண்ணியவான் வைத்த விதி. அவன் பெயர் தெரிந்தால் அவன் கல்லறைக்குப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன்.

வருஷா வருஷம் ஜெயிப்பவன் சூலோ. என் மனைவி ஹெல்வியின் தம்பி. வருஷா வருஷம் இரண்டாவது நான். குளிரில் என் வலது ஆட்காட்டி விரல் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துவிடும். விசையை அழுத்துகிறேனா, யாருடைய விரலையோ வைத்து அழுத்துகிறேனா என்றே தெரியாது. அவனோ கணப்போரமாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்பான்.

"என்ன மச்சான், காத்து வாங்குறியா?" என்று அந்தக் கோடியிலிருந்து கத்துவான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். மூன்றாவது வந்தவன்தான் ரொம்பச் சிரிப்பான்.

விரல் செத்தால் என்ன, துப்பாக்கியாவது உயிரோடு இருக்கட்டும் என்று போன இலையுதிர் காலத்தில் முடிவு செய்தேன். என்னுடையது பழைய பட்டாளத்துப் பிஸ்டல். குலுக்கினால் டப்பாவுக்குள் ஸ்பூன் போட்ட மாதிரி சத்தம் கேட்கும். உள்ளேயிருந்த குழல் தேய்ந்து தேய்ந்து, குண்டு சில சமயம் குறுக்காகப் படுத்துக்கொண்டே போய் அட்டையில் விழும். சூலோவும் புதுக்குழல் போட்டவன்தான். அவன் போட்டது தபாலில் வந்ததை அப்படியே செருகிக்கொள்ளும் ரகம். கால்சட்டையில் பெல்ட் போடுகிற மாதிரி. அதைப் போய் வேலை என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

நான் வரவழைத்தது எல்லாப் பக்கமும் கொஞ்சம் பெரிதாகவே செய்த குழல். அதை அராவித்தான் உட்காரவைக்க வேண்டும். விளக்குப் புகையைப் பூசிச் செருகிப் பார்ப்பது. எங்கே கரி அழிகிறதோ அங்கே அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி புகை, மறுபடி செருகல். குழலின் வால், அடியிலிருக்கும் பிடிப்பு, மூக்கைச் சுற்றி உட்காரும் புஷ் என்கிற வளையம், எல்லாம் அப்படித்தான். இரும்புத் தூள் வீட்டுக்குள் வரக் கூடாது என்று ஹெல்வி சொல்லிவிட்டதால், எங்கள் நீராவிக் குளியல் கொட்டிலான சவுனாவின் முன்னறையில் உட்கார்ந்து செய்தேன். சவுனா என்றால் சும்மா இருக்குமா, தினமும் கல் காய்ந்துகொண்டுதானே இருக்கும்? இடுப்பில் துண்டு, கையில் அரம், உடம்பெல்லாம் வேர்வை. பனி விழ ஆரம்பித்தபோது வேலை முடிந்தது. குழலுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஒரு பொய்கூட நுழையாது. நானே நுழைத்துப் பார்த்தேன்.

முற்றத்தில் கொண்டுவந்து, குண்டை ஏற்றப் பிஸ்டலின் மேல்சட்டத்தை இழுத்தால், அசையவில்லை. சுத்தியலைக் காட்டினேன், அசையவில்லை. திரும்ப சவுனாவுக்குள் கொண்டுபோனேன். வெண்ணெய் மாதிரி வழுக்கியது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வெந்நீராவியில் உட்கார்ந்து அளவு பார்த்திருக்கிறேன். சூட்டில்தான் அது பிஸ்டல். குளிரில் அது காகிதத்தின்மேல் வைக்கிற கனம்.

சவுனா வாசல்படியிலிருந்தே பத்துக் குண்டு சுட்டேன், தூரத்து பிர்ச் மரத்தில். ஒரே ஓட்டை. ஒரு மரங்கொத்தி வந்து அதற்குள் எட்டிப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். கணப்பு வேண்டுமானால் ஜெயிக்க வேண்டும். ஜெயிக்க இந்தத் துப்பாக்கி வேண்டும். துப்பாக்கி வேலை செய்யக் கணப்பு வேண்டும். கணப்போ சூலோவிடம்.

வழி சொன்னவள் ஹெல்வி. சுடச்சுட இரண்டு பாஸ்டி செய்தாள்: மாவுக்குள் இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் வைத்து, செங்கல் அளவுக்குச் சுட்டது. ஒரு பாஸ்டி அரை நாளுக்குச் சூடு தாங்கும், எங்கள் ஊர்ச் சுரங்கக்காரர்கள் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனதே அதற்குத்தான். துண்டில் சுற்றித் துப்பாக்கிப் பெட்டிக்குள் வைத்து, நடுவில் பிஸ்டலைப் படுக்கவைத்தாள். பாஸ்டி உருளாமல் இருக்க என் பழைய குழலையும் பழைய புஷ்ஷையும் ஓரத்தில் முட்டுக் கொடுத்தாள்.

போட்டி நாளன்று கடைசிச் சுற்றுக்கு வழக்கம்போல் நாங்கள் இருவரும்தான். பெட்டியைத் திறந்தேன், இறைச்சி வாசனையோடு பிஸ்டல் வெளியே வந்தது. பத்துக் குண்டும் சுட்டேன். விரல் செத்துத்தான் இருந்தது, ஆனால் குழல் அதைப் பொருட்படுத்தவில்லை.

எங்கள் கிளப்பில் ஒரு கோடிக்காரன் அட்டைக்கு மறு கோடிக்காரன்தான் மார்க்குப் போட வேண்டும். அவன் அட்டையை நான் பார்த்தேன்: தொண்ணூற்றொன்று. நியாயமாகத்தான் போட்டேன். என் அட்டையின் முன்னால் சூலோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"மச்சான், பத்து மார்க்கு."

"ஒவ்வொண்ணுக்கும் பத்து. கூட்டிச் சொல்லு."

"கூட்டிட்டேன். நட்ட நடுவுல ஒரு குண்டு பட்டிருக்கு. மத்த ஒம்பதும் ஏரிக்குப் போயிருச்சு போல. மீனுக்கு எதுவும் ஆகலையே?"

"டேய், பத்தும் அந்த ஒரே ஓட்டை வழியாப் போயிருக்குடா!"

"அப்போ ஓட்டை கொஞ்சமாச்சும் பெருசாகியிருக்கணும்ல?"

பென்ஹேல் அம்மாவைக் கூப்பிட்டேன். எங்கள் போட்டிகளை நடத்துகிறவர். பாஸ்டியை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்த கார்னிஷ் சுரங்கக்காரர்களின் வம்சம், ஊரில் பாதிப்பேருக்குப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். குண்டின் பருமனில் செய்த அளவுக்கட்டையை ஓட்டைக்குள் விட்டார். இறுக்கமாக மாட்டிக்கொண்டது. இழுத்தபோது அட்டையும் கூட வந்தது.

"டௌனோ, ஓட்டை விரிஞ்சிருந்தா சந்தேகத்தோட பலன் சுட்டவருக்கு. இது விரியவே இல்லையேப்பா," என்றார் என்னிடம்.

"விரியாம சுட்டது தப்பாம்மா? இதுக்காகத்தானே துண்டைக் கட்டிக்கிட்டு மாசக்கணக்கா அராவினேன்! கண்டபடி சுடறவனுக்குப் பத்து ஓட்டை, பத்து மார்க்கு. ஒழுங்காச் சுடறவன் ஊருக்கு இளைச்சவனா?"

"கத்தாதே. எனக்குக் காது நல்லாவே கேக்குது."

"பின்னாடி மணலைத் தோண்டிப் பாருங்க!"

தோண்டினார்கள். குண்டுகள் கிடைத்தன. ஒன்றின் பிட்டத்தில் ஒன்று குத்தி, ஒட்டிக்கொண்டு, புதுப் பென்சில் நீளத்துக்கு ஒரே ஈயக்கம்பி. நான் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினேன்.

சூலோ அதை வாங்கி உருட்டிப் பார்த்தான். "குண்டு ஒண்ணுதான். கொஞ்சம் நீளமா இருக்கு."

"நீளமான குண்டுக்குன்னு விதியில தனியா மார்க்கு இல்ல," என்றார் பென்ஹேல் அம்மா.

எனக்கு வந்த கோபத்தில் பக்கத்து ஜன்னலில் இருந்த பனி உருகியது. கணப்புக்குப் பதிலாக என்னையே அங்கே நிறுத்தியிருக்கலாம். நான் கத்தினேன், அவர் விதியைப் படித்தார், நான் இன்னும் கத்தினேன். கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது.

"சரி, ஒரே ஒரு வாய்ப்பு. இப்பவே புது அட்டையில மறுபடி சுடு. ஆனா மனுஷன் எண்ணுற மாதிரி சுடு."

பெட்டிக்குத் திரும்பினேன். பிஸ்டல் ஏரித் தண்ணீர் மாதிரி குளிர்ந்துபோயிருந்தது. மேல்சட்டம் அசையவில்லை. சுற்றி வைப்பதற்குப் பாஸ்டியைத் தேடினேன். துண்டு இருந்தது. பாஸ்டி இல்லை. சூலோவின் மீசையில் மட்டும் மாவுத்தூள் இருந்தது.

"எங்கடா பாஸ்டி?"

"எது, என் அக்கா செஞ்சதா? நீ கத்திக்கிட்டே இருந்தே, ஆறிடுமேன்னு..."

"ரெண்டுமா?"

"ரெண்டாவது உனக்குன்னுதான் வெச்சிருந்தேன். நீ நிறுத்தவே இல்லையே மச்சான்."

"அம்மா, பாருங்கம்மா! போட்டி நடுவுல என் துப்பாக்கியோட ஒரு பாகத்தை இவன் தின்னுட்டான்!"

பென்ஹேல் அம்மா யோசித்தார். "அதுல காரட் போட்டிருந்துதா?"

"போட்டிருந்தது."

"அப்போ அது பாஸ்டியே இல்ல, எங்க கார்னிஷ் வீடுகள்ல காரட் ஆகவே ஆகாது. புகாரைத் தள்ளுபடி பண்றேன்."

"துப்பாக்கியை அந்தக் கணப்புகிட்ட ஒரு நிமிஷமாவது காட்டிக்கிறேன்," என்றேன்.

சூலோ கணப்புக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான். "ஜெயிச்சவனோட இடம் மச்சான். விதி இருக்குல்ல?"

வேறு என்ன செய்வது? பூட்டிக் கிடந்ததை முழங்காலுக்கு நடுவில் வைத்து, சாமியையும் சூலோவையும் மாறி மாறித் திட்டி, ஒருவழியாகப் பிரித்தேன். முட்டுக்கொடுத்து வைத்திருந்த பழைய குழலையும் புஷ்ஷையும் எடுத்துப் போட்டேன். தானாகவே உள்ளே விழுந்தது. குலுக்கினேன். டப்பா, ஸ்பூன். அந்தச் சத்தத்தைக் கேட்டு மூன்றாவது வந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சுட்டேன். குறி பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன், ஆனால் கோபம்தான் பார்த்தது. குண்டுகள் அம்மை போட்டமாதிரி அட்டை முழுக்க விழுந்தன. அதிலும் பாதி குறுக்காகப் படுத்தபடி போய், சாவித் துவாரம் மாதிரி நீள நீளமாகக் கிழித்திருந்தன.

சூலோ சிரித்துக்கொண்டேதான் எண்ண ஆரம்பித்தான். ஏழில் விழுந்த குண்டு படுத்தவாக்கில் நீண்டு எட்டின் கோட்டைத் தொட்டிருந்தது. கோட்டைத் தொட்டால் மேல் மார்க்கு. அது கிளப் விதி. எட்டில் விழுந்தது ஒன்பதைத் தொட்டிருந்தது. ஒன்பது பத்தைத் தொட்டிருந்தது. அவன் சிரிப்பு வளையத்துக்கு வளையம் குறைந்துகொண்டே வந்தது. பென்ஹேல் அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"தொண்ணூத்திரெண்டு," என்றார்.

"அம்மா, இதெல்லாம் குண்டே இல்ல, கிழிசல்!" என்றான் சூலோ.

"எண்ண முடியுதுல்ல? அது போதும்."

ஆகவே கணப்பு என்னுடையது. இந்த வருஷம் முழுக்க. விதிப்படி சூலோ கதவோரம்.

எல்லோரும் கை கொடுத்தார்கள். நான் யாருக்கும் சிரித்த முகம் காட்டவில்லை. எதற்குக் காட்ட வேண்டும்? துல்லியமான வேலைக்குப் பத்து மார்க்கு, தேய்ந்த இரும்புக்குத் தொண்ணூற்றிரண்டு. இப்போது கணப்போரம் நிற்கிறேன், விரலுக்கு உயிர் வந்துவிட்டது. நான் அராவிய குழல் அந்தச் சூட்டில் பாட்டுப் பாடும். ஆனால் போட முடியாது. மறு கோடியிலிருந்து என் அட்டைக்கு மார்க்குப் போடுகிறவன் இன்னமும் சூலோதான். ஒரே ஓட்டை என்றால் ஒரே குண்டு என்பான். அதனால் கணப்போரமாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, டப்பாவும் ஸ்பூனுமாகச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வியாழக்கிழமை சுடப் போனபோது என் பெட்டியைத் திறந்தேன். பாஸ்டியும் இல்லை, துண்டுகூட இல்லை. கதவோரம் பார்த்தால் சூலோ தன் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறான், அதிலிருந்து ஆவி பறக்கிறது.

வீட்டுக்கு வந்து ஹெல்வியிடம் கேட்டேன். அவள் மாவு பிசைந்துகொண்டே திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"உங்களுக்குத்தான் கணப்பு இருக்கே. பாவம், அவன் கதவுகிட்ட நிக்கிறான்."