கருணை கேட்ட கடிதம்

1946 ஜனவரியில், மதராஸ் கல்லூரி ஒன்றுக்கு டிரில் மாஸ்டர் பரந்தாமன் எழுதிய கடிதத்தைப் படித்ததும் முக்தார் அகமதுவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. மகன் வாஹிதின் ஹாக்கி ஆட்டத்தைப் பார்க்க ஆள் அனுப்பும்படி எழுதுவதாகத்தான் பேச்சு. கடிதத்திலோ, ‘பரம ஏழை, கருணை கூர்ந்து இடம் தரவேண்டும்’ என்றிருந்தது.

“யாரு மாஸ்டர் ஏழை? மூணு தலைமுறையா ஜவுளிக்கடை வச்சுகினு கீறோம். எங்க வூட்ல திருவோட்டப் பாத்தீங்களா?”

“கோவிச்சுக்காதீங்க பாய். எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க. அப்பத்தான் எரக்கம் வரும்.”

“எரக்கத்த வச்சு இன்னா பண்றது? அரக்கோணம் டீமுக்கு அஞ்சு கோல் போட்டானே, அத எழுதினீங்களா?”

மாஸ்டர் அதை எழுதவில்லை.

முக்தார் கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

“வேற எழுதுங்க. அஞ்சு கோலு, அடுத்த ஆட்டம் என்னிக்கி, எந்த மைதானம். அவ்ளோதான்.”

“அவனுக்கு மார்க்கு கம்மி. ஆட்டம் பாக்க அவங்க வரலைன்னா காலேஜே இல்ல பாய்.”

“இல்லாட்டி போவட்டும். கடையில துணி கிழிப்பான்.”

மாஸ்டர் எழுதி முடித்ததும், ‘தகப்பனார் முக்தார் அகமது, ஜவுளி வியாபாரி’ என்று அடியில் முக்தாரே அழுத்திக் கையெழுத்திட்டார். அப்போதும் நம்பிக்கை வராமல், தபால்பெட்டி வரைக்கும் மாஸ்டரின் கூடவே விறைப்பாக நடந்தார்.