யாரும் எடுக்காத பாறை

சங்கிலியைத் தொடையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு எல்லிஸ் சிலேட்டுக் குவாரியின் பாறைமுகத்தில் தொங்கினான். அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து பனிநீர் சொட்டிச் சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது. கடப்பாரையால் இடித்து இடித்து வெடிமருந்துக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தான். கல்தூள் தொண்டையில் அப்பியது. துப்பினால் எச்சில் சாம்பல் நிறத்தில் விழுந்தது. கீழே ஹம்ஃப்ரி, நேற்று பெயர்ந்த கட்டியைச் சம்மட்டியால் பிளந்து பார்த்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினான்.

“பூராவும் வெள்ளைக் கோடுடா எல்லிஸ்! உளியை வெச்சா பொலபொலன்னு உதிருது. இதுல எங்கேர்ந்து கூரைச் சிலேட்டு எடுக்கிறது?”

“துரை வரட்டும். கண்ணால பாக்கட்டும்.”

“அந்தாளுக்குக் கண்ணா? பர்ஸு இருக்கிற பக்கம் மட்டும்தான் தெரியும்.”

அன்று விலை பேசும் நாள். மாதம் பிறந்தால் மேனேஜர் வின்ஸ்லோ துரை ஒவ்வொரு குழுவின் பாறைக்கும் வந்து அந்த மாதக் கூலியை நிர்ணயிப்பார். பாறை நல்லதானால் குறைப்பார், கெட்டதானால் கூட்டித் தர வேண்டும். எல்லிஸும் ஹம்ஃப்ரியும் பாறையில். கொட்டகையில் சிலேட்டுப் பிளக்கும் ரீஸ் சகோதரர்கள் இரண்டு பேர். ஆக நால்வர் ஒரு குழு, வருவதை நாலாகப் பங்கு வைத்துக்கொள்வார்கள்.

துரை குடைக்கம்பால் கல்லைத் தட்டினார். குனிந்து பார்க்கவில்லை.

“போன மாசத்தைவிடக் கால்வாசி குறைச்சிருக்கேன்.”

“கெட்ட பாறைக்குக் கூட்டித்தானே தரணும் துரை?” என்றான் எல்லிஸ்.

“உன் பொண்ணு ஹைஸ்கூல்ல படிக்குதில்ல?”

“ஆமா துரை. கணக்குல முதல்னு நீங்கதானே பரிசு குடுத்தீங்க.”

“பதினாலு முடிஞ்ச பொண்ணை உக்காரவெச்சுச் சாப்பாடு போட்டுப் படிக்கவைக்க முடியுதுன்னா, உனக்குக் கூலி மிஞ்சுதுன்னு அர்த்தம். மிஞ்சற கூலியை நான் எதுக்குக் குடுக்கணும்?”

“மிஞ்சலை துரை. வாயைக் கட்டி வயித்தைக் கட்டிப் படிக்கவைக்கிறோம். வீட்டுல வெண்ணெயைப் பாத்து எத்தனையோ நாளாச்சு.”

“எங்க சமையல்கட்டுக்கு ஆள் வேணுமாம். பொண்ணை அனுப்பு, பழைய கூலியைப் பத்திப் பேசலாம். மதியச் சங்குக்குள்ள பதில் சொல்லு. இல்லேன்னா இந்தப் பாறையை எடுக்க ஆளா கிடைக்காது?”

எல்லிஸுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தப் பள்ளிக்கூடம் யார் வீட்டுச் சொத்து? இந்த வேல்ஸ் மலைகளில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று வந்ததே இவர்கள் தலைமுறையில்தான். வீட்டுவரியோடு சேர்த்து ஒவ்வொரு குடும்பமும் அதற்குக் கட்டியது. சம்பள நாளில் தொப்பியைச் சுற்றுக்கு விட்டுக் காசு சேர்த்தார்கள். அதைக் காட்டித்தான் அரசாங்க மானியம் வந்தது. துரை கொடுத்தது அஸ்திவாரக் கல்லில் பொறிக்கத் தன் பெயரை மட்டும்! அதற்கே பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் நாற்காலியில் போய் அட்டகாசமாக உட்கார்ந்துகொண்டார். பரிசளிப்பு விழாவில் கல்வியைப் பற்றி முழங்குவார், மறுநாள் படிக்கிற பிள்ளையின் அப்பன் வயிற்றில் அடிப்பார்.

சாப்பாட்டுக் குடிசையில் அடுப்பு எரிந்தது. ஈர உடுப்பு ஆவிவிட, நாற்பது பேர் பெஞ்சுகளில் நெருக்கியடித்திருந்தார்கள். எல்லிஸ் ரொட்டியைத் தள்ளி வைத்தான். மகள் ஓல்வென், தான் டீச்சராக வேண்டுமென்று கனவு காண்கிறவள். ஆனால் அவளுக்காக ஹம்ஃப்ரியும் ரீஸ் சகோதரர்களும் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

“நான் ஓல்வெனை நிறுத்திடறேன்,” என்றான்.

ஹம்ஃப்ரி தகரக் குவளையை ணங்கென்று வைத்தான். “எவன்டா உன்னைக் கேட்டான்?”

“உங்க கூலியும்தானேடா போகுது.”

“என் காசும் அந்தப் பள்ளிக்கூடத்துல இருக்குடா! எனக்குப் பொறந்த ஒண்ணும் போய்ச் சேர்ந்துடுச்சு. எவன் பிள்ளையாவது படிக்கட்டும்னுதான் தொப்பியில போட்டேன். துரை வீட்டுப் பாத்திரம் தேய்க்கவா போட்டேன்?”

மூலையிலிருந்து ஒருவன் இழுத்தான்: “எங்க பாறை இந்த மாசம் நல்லாருக்கு. நாங்க எதுக்கு இதுல...”

“உன் பையன் அடுத்த வருஷம் ஹைஸ்கூல் பரீட்சை எழுதலை?” என்று பெரிய ரீஸ் கேட்டான். “அப்போ உன் கூலியிலயும் கை வைப்பார் பாரு.”

குடிசை கொதித்தது. கத்தினார்கள், ஒருவரையொருவர் வைதார்கள், கடைசியில் கையைத் தூக்கினார்கள். எல்லிஸ் பாறையை எவனும் தொடக்கூடாது. பிள்ளை படிப்பைச் சொல்லிக் கூலி குறைப்பதில்லை என்று துரை ஒப்புக்கொள்ளும்வரை எந்தக் குழுவும் இந்த மாதம் விலை பேசாது.

சங்கு ஊதியது. துரை வந்தார்.

“என்ன சொல்றே?”

“பொண்ணு படிக்கும் துரை,” என்றான் எல்லிஸ். “அந்தக் கூலிக்கு இறங்கமாட்டோம்.”

துரை பக்கத்துக் குழுவைக் கூப்பிட்டார். மாட்டோம் என்றார்கள். அடுத்த குழுவும் அதையே சொன்னது. துரை சிரித்தார். “பெஞ்சமின்! இங்க வா.”

எல்லோருக்கும் முகம் செத்துவிட்டது. பெஞ்சமின் கருங்காலி. பழைய வேலைநிறுத்தத்தில் ஊரே பட்டினி கிடக்க, முதல் ஆளாக உள்ளே போனவன். அந்தக் குளிர்காலத்தில்தான் ஹம்ஃப்ரியின் குழந்தை செத்தது. அன்றிலிருந்து பெஞ்சமினோடு ஒருவரும் பேசுவதில்லை. மழையானாலும் வெளியே பாறை மறைவில் உட்கார்ந்துதான் சாப்பிடுவான். குடிசையில் எடுத்த முடிவை அவனிடம் யாரும் சொல்லக்கூட இல்லை.

“இந்தப் பாறையை நீ எடுத்துக்க. குறைக்காம பழைய கூலியே தர்றேன்.”

பெஞ்சமின் தொப்பியைக் கழற்றினான். “வேண்டாம் துரை.”

“என்னது?”

“என் பொண்ணும் அங்கதான் படிக்குது. எல்லிஸ் பொண்ணு பக்கத்துலதான் உக்காருது. மூணு மாசமா என் கூலியையும் இதையே சொல்லித்தான் குறைச்சீங்க. யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்? வாயைத் திறக்காம கிடந்தேன். போதும்.”

“உங்களை எல்லாரையும் நடுத்தெருவுல நிறுத்துவேன்! பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடுவேன்!”

“மூடிப் பாருங்க,” என்றான் ஹம்ஃப்ரி. “உங்க பேரு இருக்கிற கல்லை மட்டும் எடுத்துட்டுப் போங்க, மிச்சமெல்லாம் எங்களது.”

துரை ஆபீஸைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். நாளை என்ன ஆகும் என்று எவனுக்கும் தெரியாது. கடைக்காரன் எத்தனை நாள் கடன் கொடுப்பான் என்றும் தெரியாது. பிற குவாரிகளுக்கும் பள்ளிப் பெற்றோருக்கும் ஆளனுப்புவது பற்றிப் பேச எல்லோரும் திரும்பக் குடிசைக்குள் போனார்கள். பெஞ்சமின் வாசலிலேயே நின்றுவிட்டான். தூறல் பிடித்துக்கொண்டது.

எல்லிஸ் ஹம்ஃப்ரியைப் பார்த்தான். பெஞ்சமினை உள்ளே கூப்பிடும் உரிமை தனக்கில்லை என்று அவனுக்குத் தெரியும். ஹம்ஃப்ரி அடுப்பில் ஒரு கரித்துண்டைத் தூக்கி எறிந்தான். கண் கலங்கிவிட்டது. பிறகு வாசல் பக்கம் திரும்பாமலே, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தான்.

“உன்னை நான் மன்னிக்கலைடா பெஞ்சமின். சாகிறவரைக்கும் மன்னிக்கமாட்டேன். உள்ள வந்து உக்காரு, பேச வேண்டியது நிறைய இருக்கு.”