ஏழு ஞாயிறும் ஒரு கிளுவை வேலியும்

1935ஆம் ஆண்டு தை மாதத்து இரண்டாம் ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி போல, கொன்றையடியில் ஏரம்புவின் காணிக்கும் அவருடைய தங்கை பராசக்தியின் காணிக்கும் நடுவே நின்ற கிளுவை வேலி பத்து அடி மேற்கே நடந்தது. வேலித் தடிகளான கதியால்கள் வேரோடு எழும்பி, மண்ணை உதறி, வரிசை குலையாமல் போய் ஏரம்புவின் நிலத்துக்குள் ஊன்றிக்கொண்டன. அன்று வெயில் கடுமை. சந்தையில் வெங்காயம் நல்ல விலைக்குப் போயிருந்தது. வேலி நடந்ததற்கான காரணத்தை யாரும் தேடி அலையவில்லை. அதற்குச் சற்று முன்னர்தான் பராசக்தியின் கணவர் நமசிவாயம் கார் றேஸில் ஏரம்புவை வென்றிருந்தார். வென்றவருக்காக நடந்த வேலி தோற்றவரின் காணிக்குள் போய் நின்றது என்று ஊர் விளங்கிக்கொண்டு, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டது.

மைத்துனர்கள் இருவருக்கும் பதினாறு வருடப் பகை. தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்த காணியின் எல்லை இரண்டு முழம் உள்ளே என்றார் ஏரம்பு. இரண்டு முழம் வெளியே என்றார் நமசிவாயம். வேலி அடைக்கிற காலம் வந்தால் ஒருவர் நாலு விரல் தள்ளி அடைப்பார். மறுவருடம் மற்றவர் ஆள் வைத்து ஐந்து விரல் தள்ளுவார். ஒன்பது வருடம் கோட்டில் வழக்காடியும் தீரவில்லை. காணி பராசக்தியின் பெயரில் இருக்கிறதே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. மனிதருக்கு மூளை எதற்கு இருக்கிறது என்று எனக்குச் சில வேளை கோபம் வரும். நமசிவாயம் மலாயாவில் ரெயில்வே கிளாக்கராக இருந்து பென்சனோடு திரும்பியபோது றேஸ் கார் ஒன்றையும் கப்பலில் கொண்டுவந்தார். கூரை இல்லை, மட்கார்ட் இல்லை, நாலு சில்லும் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தன, இருக்கை ஒன்றே ஒன்று. மனைவியை ஏற்ற இடமில்லாத காரை இவ்வளவு தூரம் சுமந்துவந்த பென்சன்காரர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஏரம்புவுக்கு வயிறு எரிந்தது. கொழும்புத்துறையில் லொறி திருத்துகிற கிறிஸ்துநாயகத்திடம் தன் பழைய காரைக் கொண்டுபோய், மேலே உள்ளதையெல்லாம் கழற்றி எறிந்து, ஓர் ஆள் மட்டும் குந்தக்கூடியதாக்கிக் கொண்டுவந்தார். ஏழு ஞாயிறு ஓடுவது, கூடத் தடவை வென்றவர் சொல்கிற இடத்தில் எல்லை என்று முடிவாயிற்று.

பருத்தித்துறைத் துறைமுகத்தில் தொடங்கிக் கடற்கரை வீதியால் தொண்டைமானாற்றுப் பாலம் கடந்து, கொன்றையடியில் அந்த வேலியின் தலைப்பில் முடியும் ஓட்டம் அது. வீதியில் வலை காயப்போட்ட கடற்கரைச் சனம் இருவருக்கும் பொதுவாகக் கல்லெறிந்தது. எங்கள் ஊரவர் கல்லெறியவில்லை. யாராவது ஒருவர் கவிழ்வார் என்ற ஆசையோடு குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். ஓட்டத்தின் இரண்டாம், மூன்றாம், நாலாம் ஞாயிறுகளில் ஏரம்பு வென்றார். ஒவ்வொரு முறையும் வேலி பத்து அடி கிழக்கே வந்தது. நாலாம் ஞாயிறு பராசக்தியின் கிணறு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அவளுடைய தோட்டத்தில் அப்போது ஆயிரம் புகையிலைக் கன்று நின்றது. அதை விட்டால் அவளுக்கும் எட்டு வயது மகள் குணலட்சுமிக்கும் வேறு வழியில்லை. கணவரின் பென்சன் முழுவதையும் அந்தக் கார் குடித்துக்கொண்டிருந்தது.

அவள் வேலியடியில் போய் நின்று தமையனைக் கூப்பிட்டாள்.

"அண்ணை, பயிர் வாடுது. கிணத்திலை தண்ணி அள்ள விடுங்கோ."

"புருஷனைக் கேள், பிள்ளை. அவர்தானே பெரிய றேஸ்காரர்," என்றார் ஏரம்பு.

வீட்டில் கணவர் காரைத் திருத்திக்கொண்டு அதற்கு அடியில் கிடந்தார். தலையை வெளியே நீட்டவில்லை.

"வாற ஞாயிறு வெல்லுவன். அதுவரைக்கும் பொறும்."

"பயிர் பொறுக்காது."

"பயிரைப் பற்றி என்னோடை கதையாதையும். இது மானப் பிரச்சினை."

யாருடைய மானம் என்று அவள் கேட்கவில்லை. கோயில் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். பாதிக் கன்று செத்தது. ஐந்தாம், ஆறாம் ஞாயிறுகளில் நமசிவாயம் சொன்னபடியே வென்றார். வேலியும் திரும்பி நடந்தது. வருகிற வழியில் மிச்சக் கன்றுகளையும் மிதித்து உழக்கிவிட்டு, றேஸ் தொடங்குமுன் நின்ற அதே இடத்தில் போய் நின்றது. ஆளுக்கு மூன்று வெற்றி. இருவருக்கும் ஓர் அங்குலம் கூடவுமில்லை, குறையவுமில்லை. பராசக்திக்கு மட்டும் அந்த வருடப் பயிர் இல்லை.

ஏழாம் ஞாயிறு ஆண்கள் எல்லாரும் பருத்தித்துறைக்குப் போன பிறகு அவள் வேலிக்கு வந்தாள். பக்கத்துக் காணியில் ஆடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவள் பேசியதைக் கேட்டார்கள். பிள்ளையைக் கண்டிக்கிற குரலில்தான் பேசினாளாம்.

"உன்னை நட்டது நான். தண்ணி வாத்ததும் நான். அவையின்ரை சொல்லுக்கு நீ ஏன் நடக்கிறாய்? ஒருத்தர் தந்த காணியைத் திருப்பிக் கேக்கிறவர். மற்றவர் காணிக்காக என்னைக் கட்டினவர். இண்டைக்கு வெல்லுறவரும் எனக்கு வேண்டாம், தோக்கிறவரும் வேண்டாம். ரெண்டு பேரையும் நீயே வைச்சிரு."

அன்று தொண்டைமானாற்றுப் பாலத்தில் இரண்டு காரும் ஒட்டி உரசின. மட்கார்ட் இல்லாத சில்லுகள் ஒன்றுக்குள் ஒன்று கொழுவிக்கொண்டன. பிறேக் பிடித்திருந்தால் கழன்றிருக்கும். மற்றவன் முதலில் பிடிக்கட்டும் என்று இருவரும் இருந்தார்கள். அப்படியே இரண்டு கார் ஒரு காராகக் கொன்றையடிக்குள் வந்து வேலியின் தலைப்பில் ஒரே நேரத்தில் மோதின. கதியால்கள் விலகி உள்ளே விட்டன, பிறகு மூடின. வேர்கள் சில்லுக் கம்பிகளுக்குள்ளால் போய் ஸ்டியரிங்கைச் சுற்றி, பாதங்களை மட்டும் விட்டு இருவரையும் நெஞ்சு வரை கட்டிப்போட்டன. காயம் ஒன்றும் இல்லை. யார் வென்றது என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

ஏரம்புவின் ஆட்கள் கோடரி கொண்டுவந்து பார்த்தார்கள். வெட்டுகிற கையை எடுப்பதற்குள் வெட்டிய இடம் தளிர்த்தது. மூன்று நாளில் கைவிட்டார்கள். பராசக்தி இருவருக்கும் ஒரே பானையில் சமைத்து, வேளை தவறாமல் கொடுத்தாள். மைத்துனர்களில் ஒருவர் அக்சிலேற்றரை மிதித்தால் மற்றவர் அதைவிடப் பலமாக மிதிப்பார். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ஊரில் ஒரு போத்தல் பெற்றோலுக்கும் வழியில்லாதபோதுகூட அந்த இரண்டு எஞ்சினும் ஓடின. வேலியில் ஆட்டுக்கு இலை குழை வெட்டும்போது அவர்களின் தலைமயிரையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள். வேலி பிறகு நடக்கவே இல்லை. பராசக்தியின் புகையிலை ஆண்டுதோறும் நன்றாக வந்தது. ஏரம்புவின் பிள்ளைகள் ஒருநாள் எல்லையைப் பற்றிக் கேட்க வந்து, தகப்பன் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

1947இல் குணலட்சுமிக்குக் கலியாணம் பேசி முடிந்தது. சீதன உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசு சிவசுப்பிரமணியம் முற்றத்தில் மேசை போட்டு இருந்தார். காணியை நாலு பக்கமும் நடந்து பார்த்துவந்து, எழுதியதை உரக்க வாசித்தார்: மேற்கு எல்லை கிளுவை வேலி, அதில் இருக்கும் நமசிவாயம், ஏரம்பு ஆகிய இருவரும் உட்பட.

"ஐயா, எழுதினதை மாத்துங்கோ," என்றாள் பராசக்தி. "கிணறு உட்பட எண்டு எழுதுங்கோ. அவை ரெண்டு பேரும் நீங்கலாக. என்ரை பிள்ளைக்கு நான் காணிதான் குடுக்கிறன்."

வேலியில் இரண்டு எஞ்சினும் ஒன்றாக உறுமின. நொத்தாரிசு பேனையைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு அவள் சொன்னபடியே எழுதினார். அவள் கையெழுத்து வைத்தாள்.