பச்சைப் பக்கத்து மொட்டு

...துத்தநாகக் குறைச்சலாகத்தான் இருக்கும், அதுவாகவே இருந்து தொலையட்டும் என்று ராயப்பன் இலையை வெயிலுக்கு நேரே பிடித்து நடுநரம்போடு மடித்தார், இந்தப் பாதியின் மஞ்சளும் அந்தப் பாதியின் மஞ்சளும் பொருந்தினால் சத்துக் குறைச்சல், பொருந்தாவிட்டால் மருந்தே இல்லாத கிரீனிங் நோய், போன மாதம் திண்டிவனத்தில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் தோட்டக்கலை ஆபீசரம்மா சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்... பொருந்தவில்லை. இன்னொரு இலை, அதுவும் இல்லை, அடுத்த மரம், அதற்கடுத்த மரம். வானூரில் மகள் அமல்ராணி வீட்டுத் தோட்டத்தில் நாற்பது சாத்துக்குடி, நாற்பதும் அவர் தாய் மரத்து மொட்டைச் சீவி நாற்றில் செருகிக் கட்டி வளர்த்த ஒட்டுச் செடிகள், பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த ஒரே சீர். கொழுந்தைத் திருப்பினார், எள்ளளவுப் பூச்சிகள் தலையைக் கவிழ்த்துப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாகச் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன, வேலியோரக் கறிவேப்பிலையிலும் அதே கூட்டம். அப்பாடா, பூச்சி இருக்கிறது! பூச்சிதானே நோயைக் கொண்டுவருகிறது, எங்கிருந்தோ பறந்து வந்ததற்கு ராயப்பன் என்ன செய்வான்? ஆனால் அந்த ஆபீசரம்மா அதோடு வாயை மூடிக்கொண்டாளா, நோய்பட்ட மரத்தில் எடுத்த மொட்டிலும் வரும், ஒரு கிளை மட்டும் மஞ்சளாக இருக்கிறதே என்று மற்ற கிளைகளை நம்பாதீர்கள் என்றாள், பூச்சி பக்கத்துத் தோட்டம் வரைக்கும்தான் போகும், ஒட்டுக் கட்டுகிற ஆள் ஜில்லா முழுக்கக் கொண்டுபோவான் என்று சொல்லிச் சிரிக்க வேறு செய்தாள். கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்துவைத்தார்.

தொண்ணூற்றொன்பதில் பார்த்தாரே அந்தக் கிளையை. அவர் கூலிக்கு ஒட்டுக் கட்டிய நர்சரியில் கிணற்றுக்குப் பின்னால் நின்ற தாய் மரத்தில் ஒரே ஒரு கிளை திட்டுத்திட்டாக மஞ்சள், அதில் காய் கோணலாகத் தொங்கியது, காம்புப் பக்கம் பழுத்து அடி மட்டும் பச்சையாகவே நின்றது. முதலாளியிடம் சொன்னதற்கு, ஆர்டர் நிக்குது, நீ பச்சையா இருக்கிற பக்கத்துல மொட்டு எடு என்றார், சரிதானே, அது ஒரு யோசனையாகத்தானே அன்றைக்குப் பட்டது, அந்தக் கிளையைத் தொடாமல் எடுக்கிறோம் என்று தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளக்கூடச் செய்தார். மனசு உறுத்தவில்லையா? உறுத்தியது. தொண்ணூற்று மூன்றிலிருந்து சேர்த்த பெயர், ராயப்பன் கட்டினால் ஒரு மொட்டு பட்டுப்போகாது, கைராசிக்காரன் என்று மயிலத்திலிருந்தும் பிரம்மதேசத்திலிருந்தும் ஆள் தேடிக்கொண்டு வந்தது, அதை வைத்துக்கொண்டு வாயைத் திறப்பானா எவனாவது? சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாதவனுக்கு வேறு என்ன இருந்தது... மகளுக்கென்று ஏணி போட்டு மேலே ஏறி, இருப்பதிலேயே பச்சையான கொப்பில் எடுத்தார். கோயில் வாசலில் செடிவண்டி வந்து நின்றபோது சம்மந்தியம்மா சவுரியம்மாள் ஊர் கேட்கச் சொன்னாள், "பொண்ணு கழுத்துல ஒண்ணயும் காணோம், குச்சிய ஏத்திக்கினு வந்து நிக்கிறாரு!" அமல்ராணி தலையே நிமிரவில்லை. ஐந்தாம் வருஷம் காய்த்தது, அதே சவுரியம்மாள் திருவிழாவுக்கு ஒரு கூடை பழத்தை மாதா முன்னால் வைத்து, எங்க மருமவ கொண்ணாந்த மரம் என்று சொன்னாளாம், அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் இவள் பேச்சுக்கு ஒரு மரியாதை. இப்போது நாற்பதையும் வெட்டு, உன் அப்பன் நோயைத்தான் சீராகக் கொடுத்தான் என்று எந்த வாயால் சொல்வது? தாய் மரம் நாலு வருஷத்துக்கு முன்பே காய்ந்து விறகாகிவிட்டது, கேட்பதற்கு ஆள் இல்லை, துத்தநாகம் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ் ஏறினால் ஆயிற்று.

"இன்னாப்பா, மரத்தயே பார்த்துக்கினு நிக்கிற?" அமல்ராணி காப்பியோடு வந்துவிட்டாள். "ஒண்ணுமில்லம்மா, துத்தநாகம் பத்தல. வாங்கி அடிச்சா சரியாப் பூடும்" என்றார், வாய் கூசாமல் வந்தது. அவள் அவரைப் பார்க்காமல் மரத்தையே பார்த்தாள். "போன வாரம் ஆபீசருங்க வந்தாங்கப்பா. இலைய உப்புத்தாள்ல தேய்ச்சி அயோடின்ல போட்டாங்க, கருத்துப் போச்சி. அந்த நோய்தானாம், நாப்பதயும் வெட்டணும்னுட்டாங்க." "செடி எங்க வாங்கினதுன்னு கேட்டாங்க. அத்த பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாங்க. சந்தையில வாங்கினது, வித்த ஆளு யாருன்னு தெரியாதுன்னு சொல்லிட்டேன். அத்தயும் ஆமான்னுட்டாங்க." வித்த ஆளு யாருன்னு தெரியாது... அவரைக் காப்பாற்றச் சொன்னாளா, இப்படி ஓர் அப்பன் தனக்கு இல்லை என்று சொன்னாளா? தெரிஞ்சேதான் குடுத்தியா என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன, கேட்டால் இல்லை என்று அடித்துச் சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது, அவள் கேட்கவில்லை. "அதில்லம்மா, மயிலத்துல பதினாலு பேரு, பிரம்மதேசத்துல..." என்று ஆரம்பித்தார், அந்த மொட்டு போன ஒவ்வொரு தோட்டமும் கண்முன்னால் வந்தது, போய்ச் சொன்னால் மிச்சமிருக்கிற மரத்தையாவது... "ஆறிடும், குடிப்பா" என்றாள் அவள். ராயப்பன் குடித்தார், யாராவது இப்படி வாயை அடைக்கமாட்டார்களா என்றுதான் பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தோமோ என்று நினைத்தபடி கடைசி மடக்கு வரைக்கும் குடித்தார்...