சொந்த விஷயம் என்றால் வெளியே

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் குழுவில் மூன்றே பேர். தலைவர் கோர்டன், தூங்குவதற்கென்றே கூட்டத்துக்கு வரும் டெல்மார், செயலாளராக மாட்டிக்கொண்ட நான். எந்த முடிவுக்கும் இரண்டு ஓட்டு வேண்டும். சொந்த விஷயம் பேசப்படும்போது அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியேற வேண்டும் என்ற விதியைச் சண்டை போட்டுக் கொண்டுவந்தவள் நான்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

என் கணவர் வெர்னனுக்குப் பக்கவாதம். வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் வீடு திரும்புகிறார். வாசலில் இரண்டு படி. அதன்மேல் மரப் பலகையில் சாய்தளம் போட அனுமதி கேட்டேன். மரம் கூடாதாம், தெருவின் அழகு கெட்டுவிடுமாம். செங்கல்தான் போட வேண்டும், அதையும் சங்கம் ஏற்ற ஒப்பந்தக்காரர்தான் போட வேண்டும். அப்படி ஏற்கப்பட்டவர் ஒரே ஒருவர், கோர்டனின் மருமகன். அவருக்கு அடுத்த மாதம்தான் ஒழியுமாம். வேலியே பயிரை மேய்கிறது, நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விதிவிலக்கு கேட்டுக் கூட்டத்தில் வைத்தேன்.

"இது உங்க மருமகன் சமாச்சாரம், கோர்டன். வெளிய போங்க."

கோர்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போறேன். ஆனா வீடு யாரோடது, லோர்னா? நீங்களும் கெளம்புங்க. விதி நீங்க போட்டதுதானே."

இருவரும் நீச்சல்குளத்தருகே போய் நின்றோம். உள்ளே டெல்மார் மட்டும். சற்று நேரத்தில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஒத்தையா எவ்வளவு நேரம்தான் கையத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்கறது?"

"அடுத்த மாசம் பாத்துக்கலாம்," என்றார் கோர்டன்.

"அதுவரைக்கும் அவர வாசல்ல வெச்சிருக்கட்டுமா?"

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. விதின்னு ஒண்ணு இருக்கே."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்த ஆளைக் குளத்தில் தள்ளாமல் வீடு வந்தது பெரிய விஷயம்.

வெள்ளிக்கிழமை காலை கடையிலிருந்து பலகைகளை வாங்கி, படிகளை மூடி நானே திருகாணி முடுக்கினேன். நாற்காலியைத் தள்ளும்போது பலகை முனகியது.

"ஆடுதேடி," என்றார் வெர்னன், குழறலாக.

"உள்ள வந்துட்டீங்கல்ல, பேசாம இருங்க."

மறுநாளே கோர்டன் வாசலில் நின்றார். "இதுக்கு நோட்டீஸ் அனுப்பணும், லோர்னா. குழுவக் கூட்டி ஓட்டெடுக்கணும்."

"தாராளமா. என் வீட்டு விஷயம், நான் வெளிய போயிடறேன். பலகைய எடுத்தா வேலை உங்க மருமகனுக்கு, அதனால நீங்களும் வந்துடுங்க. டெல்மார் உள்ள கையத் தூக்கிக்கிட்டு இருக்கட்டும்."



உள்ளிருந்து வெர்னனின் குரல் வந்தது. "யாரு, கோர்டனா? வெயில்ல நிக்க வெக்காத, உள்ள வரச் சொல்லு."

வேறு வழி இல்லை. என் பலகைமேல் நடந்துதான் வந்தார்.