ஸ்டாஃபுக்கு மட்டும்

ஊசி குத்தியது திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு. பவுனுக்கு நேரம் துல்லியமாகத் தெரியும். குத்தியவுடன் அவள் முதலில் செய்தது போனை எடுத்து மணி பார்த்ததுதான். குப்பை எடுக்கும் பெண்களின் சங்கத்தில் சோனியா அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். குப்பையில் கிடக்கும் ஊசி குத்தினால் மணியைப் பார். சோப்புப் போட்டுக் கழுவு. பிதுக்காதே. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கிவிடு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, அது தாண்டினால் மாத்திரை கேட்காது. எச்.ஐ.வி. என்ற பெயரைச் சொல்லும்போது சோனியா குரலைத் தாழ்த்தவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். பவுனும் சிரித்தாள்.

புனேயில், விஷ்ராந்த்வாடியில் மூன்று கட்டடங்களின் குப்பையை அவள் எடுக்கிறாள். மாடி மாடியாக ஏறி வாங்கி வந்து, பின்பக்கத்துச் சிமென்ட் மேடையில் கொட்டி, ஈரத்தைத் தனியாகவும் காய்ந்ததைத் தனியாகவும் பிரிப்பாள். பால் கவர்களை மட்டும் கையுறை போட்டுக்கொண்டு பிரிக்க முடியாது. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், தடித்த ரப்பர் விரலுக்கு அகப்படாது. ஆகவே அந்த ஒரு வேலைக்கு வலது கை உறையைக் கழற்றிவிடுவார்கள். எல்லோரும் அப்படித்தான். அன்று பால் கவர்களுக்கு அடியில் தரைத்தளத்துக் கிளினிக்கின் கறுப்புப் பை கிழிந்து கிடந்தது. பஞ்சு, டாக்டர் பெயர் அச்சடித்த கசங்கிய சீட்டுகள், மூடியில்லாத ஊசி. சிரிஞ்சுக்குள் ரத்தம் இன்னும் காயவில்லை.

நடுவிரலின் நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு. அவ்வளவுதான்.

பயம் உடனே வரவில்லை. முதலில் நிம்மதி போல ஒன்று வந்தது. நல்லவேளை, நம்ம டாக்டர் கிளினிக். டாக்டர் ஜெகதீசன் கோயம்புத்தூர்க்காரர். கைபேசியில் அவர் தமிழில் பேசுவதை அவள் மேடையிலிருந்து கேட்டிருக்கிறாள். இரண்டு வருடத்தில் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இருந்தாலும் அந்தக் குரல் கேட்கும் இடத்தில் வேலை செய்வதை அவள் ஒரு உறவு போல வைத்துக்கொண்டிருந்தாள்.

விரலைக் கழுவினாள். ஊசியை ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடினாள். பிறகு, நேரே கிளினிக் கதவைத் தட்டாமல், பஸ் பிடித்துக் கட்கியில் இருக்கும் வீட்டுக்குப் போனாள். தலைக்குக் குளித்தாள். இரண்டாவது முறையும் சோப்புப் போட்டாள். கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டி, பவுடர் பூசி, மறுபடி பஸ் ஏறினாள். இரண்டரை மணி நேரம் போய்விட்டது. சீக்கிரம் என்று சோனியா சொன்னது நினைவில் இருக்கத்தான் இருந்தது. ஆனால் அந்த நாற்றத்தோடு ஒரு டாக்டர் முன்னால் போய் நிற்பது நோயைவிடப் பெரிய ஆபத்தாகத் தோன்றியது.

“வாங்கம்மா, உக்காருங்க. என்ன பண்ணுது?” என்றார் டாக்டர். அவள் வணக்கம் சொன்னதிலேயே தமிழ் என்று தெரிந்து சிரித்தார்.

“டாக்டர், நான் பவுனு. இந்த பில்டிங்குல கச்சரா எடுக்கறவ.”

பேனா நின்றது. “ஓ. அந்தச் சேர் வேண்டாம். ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு.”

அவள் ஸ்டூலுக்கு மாறினாள். நடந்ததைச் சொன்னாள். ஊறுகாய் பாட்டிலை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள்.

“ஏம்மா! இந்தக் கருமத்த எதுக்கு உள்ள கொண்டாந்தே? எடு, எடு.”

“உங்க பையில இருந்துச்சுங்க டாக்டர்.”

“என் கிளினிக் ஊசி எல்லாத்துக்கும் தனி வண்டி வருது. இது எவனோ போதை ஊசி போடறவன் வீசினது.”

“கூடவே உங்க சீட்டும் இருந்துச்சுங்க…”

“படிச்சியா? இங்கிலீஷ் படிப்பியா நீ?”

படிக்கத் தெரியாது. பலகையில் இருக்கும் எழுத்துகளின் உருவத்தைத் தினமும் பார்க்கிறாள், சீட்டிலும் அதே உருவம் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. “மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்க டாக்டர். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள சாப்புடணுமாம்.”

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். “இதெல்லாம் யாரு உனக்குச் சொன்னாங்க?”

“சங்கத்துல.”

“சங்கத்துல.” அவர் சிரித்தார். “இருபது வருஷமா பாக்கறேன்மா. ஊசி குத்திருச்சுன்னு வந்து இந்த மாத்திரைய கேக்கறவங்க யாருன்னு எனக்குத் தெரியாதா? எங்கியோ போயி என்னமோ நடந்துரும். அப்புறம் பாத்தா ஊசி குத்தியிருக்கும்.”

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் கழுத்து சுட்டது.

“அப்பிடியெல்லாம் இல்லீங்க டாக்டர்.”

“உங்க ஆளுங்க கதை எனக்குத் தெரியும். புருஷன் இருக்கானா? சாயங்காலம் கூட்டிட்டு வா. அவன்கிட்ட பேசிட்டு அப்புறம் பாக்கலாம். பாட்டில எடுத்துட்டுப் போ.”

மாடிகளில் அவளை மராத்தியில் எவ்வளவோ திட்டியிருக்கிறார்கள். ‘ஏய் மாவ்ஷி, லிஃப்ட்டைத் தொடாதே.’ ‘மாவ்ஷி, எட்டி நில்.’ சித்தி என்று கூப்பிட்டுக்கொண்டே எட்டி நிற்கச் சொல்வார்கள். அவற்றை அவள் மேடைக்கு வரும்போதே மறந்துவிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு கற்றுக்கொண்ட மொழி அது, தோலுக்கு வெளியேயே நின்றுவிடும். தமிழில் இதுவரை யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. அந்தச் சொற்கள் அம்மாவின் சொற்கள் போய்த் தங்கிய இடத்துக்கே நேராகப் போயின. பஸ்ஸில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னது எப்போதாவது நடந்திருக்கிறதா என்று அவள் தனக்குள் தேட ஆரம்பித்தாள். இல்லை என்று தெரிந்தும் தேடினாள். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு முகாதம், வேலையாட்களை மேற்பார்வை பார்ப்பவன், வண்டி தள்ள உதவுவதுபோல அவள் கைமேல் கையை வைத்தான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஆனால் உடனே இழுத்தாளா, ஒரு கணம் விட்டு இழுத்தாளா? அந்த ஒரு கணத்தைக் கண்டுபிடித்ததும் டாக்டருக்கு அது முன்பே தெரிந்திருந்ததுபோல அவளுக்குத் தோன்றியது.

புருஷன் துரைசாமியைச் சாயங்காலம் கூட்டிப்போனாள். பெயின்ட் வேலை முடித்து, காதோரத்தில் வெள்ளைச் சுண்ணாம்போடு அப்படியே வந்திருந்தான். டாக்டர் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். பவுன் வெளியே பெஞ்சில் இருந்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்தவன் அவளைப் பார்க்காமல் நடந்தான். பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தும் முன்னால் போய் நின்றுகொண்டான்.

“மாத்திரை எழுதினாரா?” வீட்டுக்குள் வந்ததும் கேட்டாள்.

“யாருடி அவன்?”

“எவன்?”

“டாக்டரு சும்மா சொல்வாரா? படிச்சவரு. நம்மாளு வேற.”

“என்னாதான் சொன்னாரு உன்கிட்ட?”

“ஒண்ணுமே தப்பா பேசல அந்த மனுசன். ‘ஒரு ஊசிக்கு உன் பொண்டாட்டி ஏன் இவ்ளோ பயப்படறா, கேட்டுப் பாரு’ன்னாரு. அவ்ளோதான்.”

“கையப் பாரு. இங்க பாரு, குத்தின எடம்.”

“அதான் பாத்தனே. பின் குத்தினா கூட அப்டித்தான் இருக்கும்.” அவன் தன் டம்ளரையும் தட்டையும் எடுத்து அலமாரியின் மேல் தட்டில் தனியாக வைத்தான். “பஸ் கர், போதும். நாளைக்கு எனக்கு லோஹேகாவ்ல வேலை. விட்டுடு.”

பதினெட்டு வருடம் அவளோடு வாழ்ந்தவன் ஒரு டாக்டரின் ஐந்து நிமிடத்தை நம்பினான். அவன்மேல் கோபம் வரவில்லை. பஸ்ஸில் அவளே தன்னை நம்பவில்லையே.

செவ்வாய்க்கிழமை சோனியா போனில் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னாள். “வேலையை மறைக்காதே பவுன். நிமிர்ந்து சொல்லு. அது உன் உரிமை.” இரண்டு வரிசையில் நின்று சீட்டு வாங்கி, மூன்றாவது வரிசையில் அவள் முறை வந்தபோது இளம் டாக்டர் ஒருவர் முகக்கவசத்தை இறக்காமலே மராத்தியில் கேட்டார்.

“என்ன வேலை?”

“குப்பை பிரிக்கிற வேலை, சாஹேப்.” நிமிர்ந்துதான் சொன்னாள்.

“இந்த மாத்திரை ஸ்டாஃபுக்கு மட்டும். நர்ஸுக்கு, வார்டு பாய்க்கு. நீ ஸ்டாஃபா?”

“குத்தினது ஸ்டாஃப் போட்ட ஊசிதான், சாஹேப்.”

அவர் பக்கத்து மேசையைப் பார்த்தார். “கேட்டியா? லீடர் வந்திருக்காங்க.” அங்கே சிரித்தார்கள். ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்து மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாள் மதியம் முடிவு வந்தது. “ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கே. போ.”

“இது பழைய ரத்தத்தோட கணக்கு, சாஹேப். இப்ப ஏறியிருந்தா இன்னிக்குத் தெரியாதாமே. அதுக்குத்தான் மாத்திரை…”

“டாக்டர் நீயா, நானா?” பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டவர்போல, “தினமும் அதுக்குள்ளதானே கைய விடறே. உங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. எங்களைவிட உங்க உடம்பு கெட்டி,” என்றார்.

பின்னால் நின்றவர் அவளை முழங்கையால் நகர்த்தினார். ஐம்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். வேலை செய்யும்போதும் சோறு வடிக்கும்போதும் அந்த எண் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு ஆளந்தி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் போய் நின்றாள். மறுபடி கோயில் சேலை, ஊக்கு குத்திய முந்தானை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். டாக்டர் ரோஹிணிக்கு அவள் வயதுதான் இருக்கும். என்ன வேலை என்று அவர் கேட்டபோது, வழியில் பஸ்ஸில் முடிவு செய்திருந்த பதிலை மராத்தியில் சொன்னாள்.

“ஒரு கிளினிக்ல ஆயா, மேடம். குப்பையைக் கட்டும்போது ஊசி குத்திடுச்சு.”

“அய்யோ, எப்போ?”

“திங்கட்கிழமை ஒன்பதரைக்கு.”

“மூணு நாளா என்ன பண்ணீங்க? உங்க டாக்டர் எங்கே?”

“ஊருக்குப் போயிருக்காரு.”

ரோஹிணி கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து வந்து, கையுறை இல்லாமலே, பவுனின் விரலைப் பிடித்து விளக்கின் பக்கம் திருப்பிப் பார்த்தார். மூன்று நாளில் யாரும் அந்த விரலைத் தொட்டிருக்கவில்லை. “பயப்படாதீங்க. நம்ம தொழில்ல இது எல்லாருக்கும் நடக்கறதுதான். எனக்கும் ரெண்டு தடவை குத்தியிருக்கு. இருபத்தெட்டு நாள் விடாம சாப்பிடணும், சரியா?” ஸ்டாஃபுக்காக வைத்திருக்கும் டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்தார். யாரையோ கூப்பிட்டு, “மாவ்ஷிக்கு ஒரு டீ,” என்றார். அதே மாவ்ஷிதான். இந்த வாயில் அதற்குச் சித்தி என்ற அர்த்தம் இருந்தது. பவுனுக்குக் கண் கலங்கியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இவ்வளவு நல்லவர் புரிந்துகொள்ள மாட்டாரா?

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். பவுன் முன்பின் பார்த்திராதவள். ஆனால் மேலே போட்டிருந்த பச்சைக் கோட்டைத் தெரியும், குப்பை எடுப்பவர்களுக்குச் சங்கம் கொடுப்பது, அவளிடமும் ஒன்று இருந்தது. கையில் சுற்றிய துணி நனைந்து, ரத்தம் தரையில் சொட்டியது. கண்ணாடி கிழித்திருக்க வேண்டும். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள், குளிக்காமல். அழுகிய காய்கறியின் வாசனை அறை முழுக்கப் பரவியது.

“வெளியே, வெளியே!” ரோஹிணியின் குரல் வேறாகிவிட்டது. “தரையெல்லாம் நாறுது பார். வெளியே போய் நில். கூப்பிடும்போது வா.”

அந்தப் பெண் பின்வாங்கினாள். ரோஹிணி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, சக ஊழியரிடம் அலுத்துக்கொள்வதுபோலப் பவுனிடம் திரும்பினார். “பாருங்க, எப்படி வர்றாங்கன்னு. காலையிலேயே குடிச்சிருப்பா, பாட்டில உடைச்சிருப்பா. கடைசியில நாமதான் தொடணும். உங்க கிளினிக்லயும் இப்படித்தானா?”

கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. டப்பா ரோஹிணியின் கையில் இருந்தது. மணி ஒன்பதே கால்.

“ஆமா மேடம்,” என்றாள் பவுன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் மேலும் பேசினாள். நல்ல மராத்தியில், கதவுக்கு வெளியேயும் கேட்கும்படி. “இவங்க திருந்த மாட்டாங்க மேடம். நாங்க உள்ளேயே விட மாட்டோம்.”

சொல்லும்போது உள்ளே ஏதோ இளகி இடம் விட்டதை அவள் உணர்ந்தாள். மூன்று நாளில் முதல்முறையாக மூச்சு ஆழமாக இறங்கியது. அது அவளைப் பிற்பாடு எவ்வளவு வாட்டினாலும், அந்த நேரத்தில் சுகமாகவே இருந்தது.

ரோஹிணி சிரித்து, ஒரு மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தார். டீயோடு விழுங்கினாள். மிச்ச டப்பாவை முந்தானைக்குள் வைத்து வெளியே வந்தாள்.

நடைவழி குறுகலானது. பச்சைக் கோட்டுப் பெண் அடிபட்ட கையை மேலே தூக்கிப் பிடித்தபடி நடுவில் நின்றிருந்தாள். பவுன் வருவதைப் பார்த்ததும், “தப்பா நினைக்காதீங்க, மேடம்,” என்று சொல்லி, தன் துணி அவள் சேலையில் பட்டுவிடாதபடி கோட்டை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டினாள்.

பவுன் சேலைக் கொசுவத்தைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் விட்ட வழியில் நடந்து போனாள்.