குனியத் தெரியாத கூலிக்காரி

“அவரு போற வரைக்கும் கூடத்துப் பக்கம் வந்துறாதே” என்றாள் அம்சம். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். இருந்தாலும் அது அதட்டலாகவே விழுந்தது.

அடுப்படியில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த பூவம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. “நான் எதுக்கு வர்றேன்? வேலைக்காரி வந்து கூடத்துல நாற்காலி போட்டு ஒக்காருவாளா?”

“கிண்டல் பண்ணாதேம்மா.”

“மெதுவாச் சொல்லு. அம்மான்னு கூப்புட்டது தெருவுக்குக் கேட்டுறப் போவுது.”

அம்சம் கூடத்துக்குப் போய்ப் பாயை விரித்தாள்.

நீடாமங்கலத்தில் ரயிலடிக்குப் பின்தெருவில் இருந்தது அந்த வீடு. நாடகக் குழு முதலாளி கோவிந்தராசு பிடித்துக் கொடுத்தது. சாதியை ஒழிக்கிற நாடகங்கள் போட்டே பேர் வாங்கியவர் அவர். நாடகத்தில் சாதியை ஒழிக்க ஒரு நடிகை வேண்டும். நடிகை குடியிருக்க வீடு வேண்டும். வீடு கிடைக்கச் சாதி வேண்டும். ஆகவே கீழ்வேளூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்த அம்சத்தை, ‘தஞ்சாவூர்ப் பெரிய குடும்பத்துப் பெண் அம்சவல்லி’ ஆக்கிவிட்டார். பெற்றவளை வேலைக்காரி ஆக்கினார். மேடைக்கு வெளியே அவர் கொடுத்த வேஷங்கள் அவை. தாயும் மகளும் இரண்டு வருஷமாகத் தப்பில்லாமல் நடித்துவந்தார்கள்.

இன்று வரப்போகிறவர் வைத்தியலிங்கம். நிலக்காரர். ஆட்சி மாறியதும் கதரை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கரைவேட்டி கட்டிக்கொண்டவர். உச்சவரம்புச் சட்டம் வந்ததும், செத்துப்போன மாமியார் பேரில்கூட நிலம் எழுதிவைத்த அறிவாளி. ‘பொன்னி முரசு’ வாரப் பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுதுவது அவருக்குப் பொழுதுபோக்கு. மற்றவர்களுக்கு அது பிழைப்பு. அவர் நன்றாக எழுதினால் பொருட்காட்சியில் மேடை கிடைக்கும். நொட்டை சொன்னால் குழு மூட்டை கட்டவேண்டியதுதான்.

அவர் வந்தார். கோவிந்தராசு வாசலிலிருந்தே வளைந்து அழைத்துவந்தார். உட்கார்ந்ததும் வைத்தியலிங்கம் ஜிப்பாப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துத் தொண்டையைச் செருமினார்.

“அச்சுக்குப் போறதுக்கு முந்தி ஒங்க காதுல போட்டுறலாம்னு வந்தேன். கேளுங்க. ‘அம்சவல்லி சோழ ராணியாக வந்தார், அரியணையே எழுந்து நின்றது. கைம்பெண்ணாக அழுதார், காவிரி தன் நீரைக் கடன் கொடுத்தது. மாரியம்மனாகச் சூலம் ஏந்தினார்; மின்விசிறியும் நடுங்கி நின்றது.’”

மின்விசிறி நின்றது கரண்டு போனதால்.

“‘பண்ணையார் மனைவியாக அவர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிய அழகில் பரம்பரை தெரிந்தது. இத்தனை வேஷங்களை ஒரே உடம்பில் அடக்கிய கலைஞர் இந்தச் சோழ நாட்டில் வேறு யார்?’”

“அய்யா எழுத்து எழுத்துதான்!” என்று கோவிந்தராசு தொடையில் தட்டினார்.

“இருங்க. ஒரு குறை இருக்கு.” வைத்தியலிங்கம் அம்சத்தைப் பார்த்தார். “அந்தக் கூலிக்காரி வேஷம் மட்டும் ஒங்களுக்கு ஒட்டவே இல்லம்மா. கூலி ஏத்திக் கேக்க வர்றவ இப்படியா வெறைப்பா நிமுந்து நிப்பா? ஒங்க மேலயும் தப்பில்ல. பெரிய எடத்து ஒடம்பு. சேத்துல வளைய மாட்டேங்குது.”

அம்சத்துக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. கோவிந்தராசு கண்ணாலேயே அதை அமுக்கினார்.

“அய்யா காட்டிக் குடுத்தா கத்துக்கும்ங்க. அடுத்த வாரம் திருத்துறைப்பூண்டியில இதே நாடகம். மாத்திப்புடலாம். ஆயா! அய்யாவுக்குக் காப்பி கொண்டா!”

அவர் கூப்பிட்ட வேகத்தில் அம்சத்தால் தடுக்க முடியவில்லை.

வைத்தியலிங்கம் உற்சாகமாக எழுந்தார். மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். “‘ஆண்டே... பாத்துக் குடுங்க ஆண்டே...’ இப்படி! பார்வை கால்ல இருக்கணும். தெரியுதா?”

அந்த நேரம் பூவம்மாள் டம்ளரோடு உள்ளே வந்தாள். தன் முன்னால் ஒரு நிலக்காரர் கக்கத்தில் துண்டோடு வளைந்து நிற்பதைப் பார்த்தாள்.

“என்னங்க, இடுப்புல புடிச்சிக்கிச்சா?”

வைத்தியலிங்கம் சட்டென நிமிர்ந்தார். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு அவருக்கு ஒரு யோசனை உதித்தது.

“ஏ கெழவி, பண்ணை வேலை பாத்திருக்கியா?”

“நாத்துப் புடுங்குனதுலேருந்து கதிர் அறுத்தது வரைக்கும் எல்லாம் பாத்திருக்கேங்க.”

“கூலி கேக்கறப்ப எப்படி நிப்பே? இவங்களுக்குக் கொஞ்சம் நின்னு காட்டு.”

“குனிஞ்சு காட்டவாங்க, நிமுந்து காட்டவாங்க? ரெண்டு மாதிரியும் நின்னிருக்கேன்.”

“இதென்ன கேள்வி? குனிஞ்சுதான்.”

அம்சம் தாயைப் பார்த்தாள். கூலிக்காரர் சங்கம் வந்த அறுவடையில், கூலி நெல்லைக் கூட்டி அளக்கிறவரை களத்தைவிட்டு இறங்க மாட்டோம் என்று நின்ற பெண்களில் முதல் ஆள் பூவம்மாள். சிறுமியாக அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அம்சமும் அன்று களத்தில் நின்றாள். மேடையில் அம்சம் கூலிக்காரியாக நின்ற நிலை அங்கே பார்த்ததுதான். அதன் பிறகு பூவம்மாள் யார் முன்னாலும் குனிந்ததில்லை.

இப்போது குனிந்தாள். மகளுடைய வீட்டுக்காக, வேஷத்துக்காக, பொருட்காட்சி மேடைக்காக முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினாள். கை வாயை நோக்கிப் போனது.

“அதான்! அதான் கலை!” என்று சொல்லி வைத்தியலிங்கம் வாய் நிறையக் காப்பியை இழுத்துக்கொண்டார்.

“அம்மா, நிமுரு” என்றாள் அம்சம்.

கோவிந்தராசுதான் முதலில் விழித்துக்கொண்டார். “வயசானவங்களை எல்லாம் அம்மான்னுதான் கூப்புடும்ங்க. நல்ல வளர்ப்பு...”

“என்னைப் பெத்த அம்மாங்க” என்றாள் அம்சம். “கீழ்வேளூர்ப் பக்கம் சேரி. எங்க பரம்பரைய எழுதறதா இருந்தா அதையும் எழுதிக்குங்க.”

வைத்தியலிங்கத்தின் கண்கள் டம்ளருக்குப் போயின. வாயில் இருந்த காப்பி வாயிலேயே நின்றது. போன மாதம்தான் சாதி ஒழிப்பு மாநாட்டில் தலைமை தாங்கிப் பேசியிருந்தார். துப்ப வழியில்லை. விழுங்கவும் மனம் வரவில்லை. இரண்டு கன்னமும் உப்பியிருக்க, வாயைத் திறக்காமலேயே எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேகமாக வெளியே நடந்தார். வாசல் சாக்கடையில் ‘பொளக்’ என்று சத்தம் கேட்டது.

“பாவம், காப்பி நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள் பூவம்மாள். குரல்தான் சிரித்தது.

சாயங்காலமே வீட்டுக்காரர் வந்து, மகளுக்குக் கல்யாணம், வீடு தேவைப்படுகிறது என்றார். அவர் மகள் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

பொன்னி முரசு வெளிவந்த அன்று, கோவிந்தராசு பத்திரிகையும் கையுமாக வந்தார். தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த அம்சத்தின் முன்னால் நின்றபடியே படித்தார்.

“‘ராணியாக வந்தபோது நடை இடறியது. அரசகளை பயிற்சியால் வருவதல்ல. பண்ணையார் மனைவியாகச் சாவிக்கொத்தைக்கூட ஒழுங்காகச் செருகத் தெரியவில்லை. ஆனால் கூலிக்காரியாக வந்தாரே, அது நடிப்பே அல்ல, இரத்தம் பேசியது. நிமிர்ந்து நின்று கூலி கேட்ட அந்த நிற்பு ஒன்றே போதும்; அதுவே இந்த மண்ணின் இயல்பு!’”

“எல்லாம் அதே நாடகம், அதே ஆளு” என்றாள் பூவம்மாள். “பெத்த வயிறுதான் வேற.”

கோவிந்தராசு அவளைப் பார்க்காமல் பேசினார். “ராணி, பண்ணையாரம்மா, மத்த வேஷம் எல்லாத்தையும் நீலாம்பாளுக்குக் குடுத்துட்டேன் அம்சா. நீ கூலிக்காரிய மட்டும் போடு. நாளைக்குத் திருத்துறைப்பூண்டிக்கு அவரே தலைமை தாங்க வர்றாரு. அன்னிக்கு அவரு காட்டுன மாதிரி கொஞ்சம் குனிஞ்சுட்டீன்னா, எல்லாம் சரியாப் போயிரும்.”

“எப்படிண்ணே குனியறது?” அம்சம் பத்திரிகையை வாங்கி அந்த வரியில் விரலை வைத்தாள். “நிமுந்து நிக்கிறதுதான் இயல்புன்னு எழுதிட்டாரே. அய்யா எழுத்து எழுத்தில்லியா?”

கோவிந்தராசு பத்திரிகையைத் திருப்பி வாங்கி மடித்துக்கொண்டார். சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. வேறு கூலிக்காரியும் கைவசம் இல்லை.

மறுநாள் திருத்துறைப்பூண்டிக் கொட்டகையில் வைத்தியலிங்கம் முன்வரிசை நடுவில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் தரையில் அவருடைய பண்ணையாட்கள். சம்பா அறுவடை தொடங்க இருந்த நேரம். அவர்களை வண்டி வைத்து அழைத்துவந்தவரும் அவரே. மாநாட்டுக்கு ஆள் சேர்த்த பழக்கம்.

அம்சம் மேடைக்கு வந்தாள். முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, களத்து நடுவில் கால் ஊன்றி நின்றாள். “அளக்கறதைக் கூட்டி அளங்க. இல்லாட்டி இந்தக் களத்தை விட்டு ஒருத்தியும் எறங்க மாட்டோம்.”

முன்வரிசைப் பிரமுகர்கள் விமர்சகரின் முகத்தைப் பார்த்தார்கள். எல்லோரும் பத்திரிகை படித்திருந்தார்கள். அச்சில் ஏறிவிட்ட தன் ரசனைக்குக் கட்டுப்பட்டு, வைத்தியலிங்கமே முதலில் கைதட்ட வேண்டியதாயிற்று.

பின்னால் தரையில் இருந்தவர்கள் உடனே தட்டவில்லை. ஆண்டை எதற்குக் கைதட்டுகிறார் என்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.